தீர விசாரிப்பதே மெய்

(வைரஸால் வரும் வாந்திபேதியைக் கண்டறியும் முறை)

முன்னுரை

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்று சிறு வயது முதலே படித்து வருகிறோம். கட்டுரைப் போட்டியில் இவ்வாக்கை எழுதாத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். ஆனால், நோய் வந்துவிட்டால் அது இன்ன நோய் என்று அறிவது எப்படி என்பதை நாம் எழுதியதும் இல்லை, எண்ணிப் பார்த்ததும் இல்லை. சென்ற கார்த்திகை மாத அடைமழையின்போது எங்கள் விடுதிக்குள் புகுந்த வாந்திபேதி அதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அதோடு நாங்கள் செய்த ஒரு பெரும் பிழையையும் எடுத்துக் காட்டியது. அவ்விரண்டையும் நம் பள்ளி மலரில் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நடந்தது என்ன?

ஒரு திங்கட்கிழமை இரவு எட்டு மணியளவில், எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி படிப்பறையிலேயே வாந்தி எடுத்தாள். அருகிலிருந்தவர்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். இருவர் வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து தரையைக் கழுவிவிட்டார்கள். செவ்வாய் இரவுக்கும் புதன் காலைக்கும் இடையில் 4 பேர் படுத்துவிட்டார்கள். புதன் இரவுக்குள் மேலும் 3 பேர். வியாழன், வெள்ளி இரு நாட்களிலும் 5 பேர். ஆக மொத்தம் 13 பேர்.

“செவ்வாய்க்கிழமை மதியச் சாம்பாரில் புளித்த வாடை அடித்தது” என்று யாரோ ஒருத்தி சொன்னாள். மாலைக்குள் எல்லாருக்குமே அந்த வாடை அடித்திருந்தது! ஊரிலிருந்து பெற்றோர் தொலைபேசியில் கேட்டபோதும் நாங்கள் சாம்பாரையே சொன்னோம். எத்தனையோ ஆண்டுகளாக எங்களுக்குச் சோறு போடும் சமையல்கார அம்மா அன்று ஒரு வாய்கூட உண்ணவில்லை. விறகுக் கொட்டகையின் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அமர்ந்திருந்ததைப் பார்த்தும், நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை.

எங்கள் மருந்தறைச் சகோதரி செவிலியர் பயிற்சி பெற்றவர். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, “கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வார்களே, விசாரித்துவிட்டுப் பிறகு பேசுங்கள்” என்றார். படுத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்டு எழுத வேண்டியவற்றை அவரே தலைப்புகளாக எழுதித் தந்தார். எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது? வாந்தி எத்தனை முறை, பேதி எத்தனை முறை? மலத்தில் இரத்தமோ சளியோ உண்டா? காய்ச்சல் எவ்வளவு? எங்கே உட்கார்ந்திருந்தாள், யாருடன் இருந்தாள்? என்ன உண்டாள்? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு முதலில் சிரித்தோம். அதுவே மிக முக்கியமான கேள்வி என்பது பின்னரே விளங்கியது.

காரணமான கிருமிகள்

வாந்தியும் நீர்போன்ற பேதியும் சேர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். இரைப்பையையும் குடலையும் அவை தாக்குகின்றன. சிறுகுடலின் உட்புறச் சுவரில் உள்ள செல்கள் கெடுவதால், உண்டதும் குடித்ததும் சரிவர உறிஞ்சப்படாமல் பேதியாக வெளியேறுகின்றன.

இவ்வைரஸ்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று நோரோ வைரஸ். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் நார்வாக் நகரில், 1968-ஆம் ஆண்டு ஒரு தொடக்கப் பள்ளியில் மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய பாதிப்பேர் நோயுற்றனர். அந்நோயாளிகளிடமிருந்து பெற்ற மாதிரியில் 1972-ஆம் ஆண்டு ஆல்பர்ட் கபிக்கியான் என்னும் அறிவியலார் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக இவ்வைரஸைக் கண்டார். நார்வாக் என்ற ஊர்ப்பெயரிலிருந்தே நோரோ என்ற பெயர் வந்தது. ஒரு பள்ளியில் வந்த நோயினால் மருத்துவ உலகம் கற்றது என்பதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

மற்றொன்று ரோட்டா வைரஸ். 1973-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பேதியுற்ற குழந்தைகளின் குடல் திசுவில் இதைக் கண்டனர். நுண்ணோக்கியில் சக்கரம்போலத் தோன்றியதால், சக்கரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லே இதன் பெயராயிற்று. இவையன்றி ஆஸ்ட்ரோ, சாப்போ, அடினோ ஆகிய வைரஸ்களும் உண்டு. ரோட்டா பெரும்பாலும் சிறு குழந்தைகளையே கடுமையாகத் தாக்கும். நோரோவோ பாலகர் முதல் பாட்டிமார் வரை எவரையும் விடாது.

முதற் கேள்வி: எப்போது தொடங்கியது?

நோயைக் கண்டறிவதில் கடிகாரம் ஒரு நல்ல சாட்சி. கெட்ட உணவில் சில பாக்டீரியாக்கள் முன்னரே நஞ்சைச் சேர்த்து வைத்திருந்தால், உண்ட அரைமணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். அதே உணவை உண்ட பலரும் ஏறக்குறைய ஒரே வேளையில் விழுவார்கள். நோரோ வைரஸோ உடலில் புகுந்து 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தலைகாட்டும். பின் 1 முதல் 3 நாட்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ரோட்டா ஏறத்தாழ 2 நாள் கழித்துத் தொடங்கி, 3 முதல் 8 நாட்கள் வரை நீடிக்கும்.

இரண்டாம் கேள்வி: என்ன வந்தது, என்ன வரவில்லை?

வைரஸால் வரும் பேதி நீர்போல இருக்கும். அதில் பொதுவாக இரத்தம் இராது. வாந்தி, வயிற்றைப் பிசைவது போன்ற வலி, உடல்வலி, லேசான காய்ச்சல் ஆகியவை உடன் வரலாம். இவற்றைவிட, வரக் கூடாதவை வந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே மருத்துவரின் முதல் வேலை என்று சகோதரி கூறினார். அவர் கூறியவற்றைக் கீழே தொகுத்துத் தருகிறோம்.

1. மலத்தில் இரத்தமோ சளியோ சேர்ந்து, கடுங்காய்ச்சலும் இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் சீதபேதியாக இருக்கலாம்.

2. அரிசி கழுவிய நீர்போல ஓயாமல் போய், சில மணி நேரத்திலேயே ஆள் துவண்டுவிட்டால் காலராவோ என்று ஐயுற வேண்டும்.

3. வயிற்றின் வலப்புறம் கீழே வலி நிலைத்து நின்று, நேரம் ஆக ஆகக் கூடினால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.

4. கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, விட்டு விட்டு வீறிட்டு அழுது இரத்தம் கலந்த சளிபோன்ற மலம் கழித்தாலோ, குடல் அடைபட்டிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

5. பேதியே இல்லாமல் வாந்தி மட்டும் தொடர்ந்தால், வயிற்றுக்கு வெளியேயும் காரணத்தைத் தேட வேண்டும். குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல், நீரிழிவு ஆகியவையும், பெரியவர்களுக்குச் சில வேளைகளில் மாரடைப்பும்கூட வாந்தியாகத் தொடங்குவதுண்டு.

மூன்றாம் கேள்வி: உடம்பில் நீர் எவ்வளவு மிச்சம்?

எந்த வைரஸ் என்று தெரியாவிட்டாலும் நோயாளி பிழைத்துக்கொள்வார். உடம்பு வற்றுவது தெரியாவிட்டால்தான் ஆபத்து. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் இழந்துபோவதே. பேதி நோயால் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் தெரிவித்திருக்கிறது.

குழந்தைகளிடம் காணவேண்டிய அடையாளங்கள் இவை. கண்கள் குழிவிழுதல், வாய் உலர்தல், அழுதால் கண்ணீர் வராமை, கைக்குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாதல், 6 மணி நேரமாகியும் சிறுநீர் கழியாமை. வயிற்றின் பக்கவாட்டுத் தோலை இரு விரலால் மெல்லப் பிடித்து விட்டால் அது சட்டென்று படிந்துவிட வேண்டும். மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்துள்ளது என்று பொருள். 2 விநாடிக்கு மேலாகியும் படியாவிட்டால் நிலைமை கடுமை. குழந்தை சிடுசிடுவென்று இருந்து, தண்ணீரைக் கண்டதும் ஆவலோடு பற்றிக் குடித்தால் நீர்க்குறைவு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். குடிக்கவும் மாட்டாமல் துவண்டு கிடந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது.

இதை ஏட்டிலிருந்து மட்டும் நாங்கள் எழுதவில்லை. முதலில் நோயுற்ற எட்டாம் வகுப்புத் தங்கை, அந்தச் சனி, ஞாயிறு விடுமுறையில் வீட்டுக்குப் போய் வந்தவள். அங்கே அவளுடைய 14 மாதத் தம்பிக்கு வெள்ளிக்கிழமை முதலே வாந்தியும் பேதியும் இருந்தன. “பல் முளைக்கிற கழிச்சல், தானாகச் சரியாகிவிடும்” என்றார் பாட்டி. “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று அதையும் குறைத்துவிட்டார்கள். “ரோட்டா சொட்டு மருந்துதான் போட்டாயிற்றே” என்று தாயாரும் மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஞாயிறு இரவு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். ‘அப்பாடா, தூங்குகிறான்’ என்று வீடே நிம்மதி அடைந்தது. அது தூக்கமன்று, துவண்டுபோன நிலை. திங்களன்று விடியற்காலையில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியபின் மாலையில்தான் சிறுநீர் கழித்தானாம். இன்று ஓடியாடி விளையாடுகிறான், இறைவனுக்கு நன்றி. பாட்டியின் அன்பில் யாதொரு குறையும் இல்லை. அவர் பேதியை எண்ணிக்கொண்டிருந்தார், சிறுநீரை எண்ணவில்லை. அவ்வளவே.

பெரியவர்களிடம் அடையாளங்கள் சற்று வேறுபடும். எழுந்து நின்றால் தலை சுற்றல், அடர்மஞ்சள் நிறச் சிறுநீர் அல்லது சிறுநீரே இல்லாமை, நாக்கு உலர்தல், கால் தசை இழுத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். முதியோருக்குத் தோல் தளர்ந்திருப்பதால் தோலைப் பிடித்துப் பார்க்கும் சோதனை ஏமாற்றிவிடும். எங்கள் மடத்தில் ஓய்விலிருக்கும் வயது முதிர்ந்த சகோதரி ஒருவருக்கும் அதே வாரத்தில் மூன்றே முறைதான் வாந்தி வந்தது. ஆயினும் அவர் காலையில் எழுந்ததும் மயங்கிச் சாய்ந்தார். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரையை அவர் நாள்தோறும் உட்கொண்டு வந்தார் என்பதை மருத்துவர் கேட்டறிந்தார். இரத்தத்தில் உப்புகளின் அளவையும் சிறுநீரகத்தின் நிலையையும் சோதித்து, அம்மாத்திரையைச் சில நாள் நிறுத்தி வைத்தார். முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கொஞ்சம் நீர் இழந்தாலும் பெருந்தொல்லை என்று அன்று அறிந்தோம். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பரிசோதனைகள் எப்போது?

“ஏன் எல்லாருக்கும் மலப் பரிசோதனை செய்யவில்லை?” என்று மருத்துவரிடம் கேட்டோம். பெரும்பாலோர்க்கு அது தேவையில்லை என்றார். சோதனையின் முடிவு வருமுன் நோயே போய்விடும். முடிவு எதுவானாலும் மருத்துவம் மாறப்போவதில்லை. இரத்தம் கலந்த பேதி, நீடித்த பேதி, கடும் நீரிழப்பு, ஒரே இடத்தில் பலர் நோயுறுதல் ஆகிய நிலைகளில்தான் சோதனை பயன்படும். ரோட்டாவை மல மாதிரியில் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டைகள் உள்ளன. நோரோவைக் கண்டுபிடிக்கப் பி.சி.ஆர். சோதனை வேண்டும். பாக்டீரியாவைக் கண்டறிய மலத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு வைத்துப் பார்ப்பார்கள். எங்களுள் நால்வரின் மாதிரியை அவ்வாறே அனுப்பினார்கள்.

நோட்டு சொன்ன தீர்ப்பு

1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கப்லான் என்பாரும் அவருடைய துணைவரும், ஒரு கூட்டத்தில் பரவும் நோய் நோரோ வகையைச் சார்ந்ததா என்று சோதனைச்சாலை இன்றியே ஊகிக்க நான்கு விதிகளை வகுத்தனர். நோயுற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வாந்தி இருக்க வேண்டும். கிருமி புகுந்து நோய் வெளிப்படும் காலம் சராசரி 24 முதல் 48 மணி இருக்க வேண்டும். நோய் நீடிக்கும் காலம் சராசரி 12 முதல் 60 மணி இருக்க வேண்டும். மலத்தில் நோய் தரும் பாக்டீரியா வளரக் கூடாது.

சகோதரி நோட்டை எங்கள் முன் விரித்தார். 13 பேரில் 11 பேருக்கு வாந்தி. முதல் தங்கை வாந்தி எடுத்த இரவுக்கும் அடுத்த 7 பேர் விழுந்த நேரத்துக்கும் இடையில் ஒன்றிலிருந்து இரண்டு நாள். பெரும்பாலோர்க்கு ஒன்றரை நாளில் குணம். நால்வரின் மாதிரியிலும் பாக்டீரியா வளரவில்லை என்று வெள்ளியன்று தகவல் வந்தது. நான்கு விதிகளும் பொருந்தின.

“இனிச் சாம்பாரைப் பாருங்கள்” என்றார் சகோதரி. முதல் தங்கை நோயுற்றது திங்கள் இரவு. சாம்பார் வைத்ததோ செவ்வாய் மதியம்! விடுதி முழுவதும் அச்சாம்பாரை உண்டும் பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேரவில்லை. நோயுற்றவர்களில் இருவர் வீட்டிலிருந்து வரும் மாணவியர். மாலைப் படிப்புக்காக மட்டும் தங்கி, முதல் தங்கையின் பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்கள். எங்கள் சாம்பாரை அவர்கள் தொட்டதே இல்லை. வாளியும் துடைப்பமும் கொண்டுவந்த இருவரும் முதல் நால்வருள் இருந்தார்கள். நோரோ வைரஸ் உணவு வழியாகவும் பரவக்கூடியதே. சமைப்பவர் நோயுற்றிருந்தால் அப்படி நேரலாம். ஆனால் எங்கள் சமையல்கார அம்மாவுக்கோ உதவியாளர்களுக்கோ ஒரு நோயும் இல்லை. வாந்தியைக் கழுவிய கையும், அப்போது தெறித்த நுண்துளிகளும், பலரும் தொட்ட கதவுப் பிடியும், ஒரே தண்ணீர்க் குவளையுமே நோயைப் பரப்பியிருக்க வேண்டும் என்பது புலனாயிற்று. எங்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

செய்ய வேண்டியவை

வைரஸ் என்று தெளிந்தபின் செய்வது எளிது. ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர்ப் பொட்டலத்தைப் பாதி பாதியாகக் குவளையில் கரைப்பது தவறு. 1971-ஆம் ஆண்டு வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார். ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்டவர்க்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. புட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை பேதியைக் கூட்டிவிடும். குழந்தைகளுக்கு மருத்துவர் துத்தநாக மாத்திரையும் தருவார். ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸைக் கொல்லமாட்டா. பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது ஆபத்து.

கைகளைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். கையில் தடவும் சானிடைசர் நோரோவை நன்கு கொல்வதில்லை. வாந்தி பட்ட இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். குணமான பின்னும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வைரஸ் வெளியேறலாம் என்பதால் அந்நாட்களிலும் கவனம் தேவை.

ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்து உண்டு. 1980-களில் டெல்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து நம் நாட்டிலேயே ‘ரோட்டாவாக்’ உருவாயிற்று. அதைச் சோதித்த மூன்று ஊர்களுள் நம் வேலூரும் ஒன்று. அவ்வாய்வில் பெரும்பங்காற்றிய வேலூர் டாக்டர் ககன்தீப் காங், 2019-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண்மணி ஆவார். 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது, 2017-இல் தமிழகத்துக்கும் வந்தது. குழந்தை பிறந்த 6, 10, 14-ஆவது வாரங்களில் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் இம்மருந்து ரோட்டாவின் கடுமையைத்தான் தடுக்கும். நோரோவைத் தடுக்காது. சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் பேதி வந்தால் நீரிழப்பைக் கவனிக்கத்தான் வேண்டும்.

முடிவுரை

தோழியரே! நோயைக் கண்டறிவது என்பது பெரிய கருவிகளால் மட்டும் ஆவதன்று. எப்போது, என்ன, எவ்வளவு என்று பொறுமையோடு கேட்டு, கேட்டதை எழுதி வைத்தால், மருத்துவரின் வேலையில் பாதியை நாமே எளிதாக்கிக் கொடுக்கலாம். நம் வீட்டில் தம்பி தங்கையர் இருக்கிறார்கள், தாத்தா பாட்டி இருக்கிறார்கள். அடுத்த முறை பேதி என்றால், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேட்க நாம் கூச்சப்பட வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, நாங்கள் அனைவரும் சமையலறைக்குச் சென்று சமையல்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, “சரி, சரி, நோயாளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொண்டுபோங்க. அதுக்கு முன்னே எல்லாரும் கையைக் கழுவிட்டு வாங்க” என்றார்.

சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு வந்தோம்.

— பத்தாம் வகுப்பு விடுதி மாணவியர் சார்பில், ஒரு மாணவி